ஒரே படம், இரு தீர்ப்பு: ‘தி ஃபவுன்டன்’ எழுப்பிய வழக்கு

2006 செப்டம்பர் தொடக்கத்தில் வெனிஸ் திரைப்பட விழாவில் டேரன் அரனோஃப்ஸ்கியின் ‘தி ஃபவுன்டன்’ திரையிடப்பட்டது. பத்திரிகையாளர் காட்சி முடிந்ததும் ஏளனக் கூச்சல் எழுந்தது. பொதுக் காட்சி முடிந்ததும் அரங்கமே எழுந்து நின்று பத்து நிமிடம் கைதட்டியது. இரண்டு காட்சிக்கும் நடுவே படத்தில் ஒரு ஷாட்கூட மாறவில்லை. அந்த ஆண்டின் தங்கச் சிங்கம் சீன இயக்குநர் ஜியா ஷாங்கேயின் ‘ஸ்டில் லைஃப்’ படத்துக்குப் போனது. அரனோஃப்ஸ்கியின் படம் அங்கிருந்து கிளப்பிக்கொண்டு வந்தது ஒரு சண்டையைத்தான்.

விழாக்களில் கூச்சலும் கைதட்டலும் புதிதல்ல. 1960-ல் கான் விழாவில் அந்தோனியோனியின் ‘லாவென்தூரா’வைக் கேலி செய்து கத்தினார்கள், அதே விழாவின் நடுவர் குழு அதற்குப் பரிசு கொடுத்தது. 1968-ல் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிசி’யின் முதல் காட்சிகளில் பலர் பாதியிலேயே எழுந்து போக, கூப்ரிக் சுமார் 19 நிமிடத்தை வெட்டினார். ஆனால் அந்தப் படங்களின் வழக்கு நாளடைவில் ஒரு பக்கமாகத் தீர்ந்துவிட்டது. இன்று அவற்றைப் பழிப்பவர்தான் காரணம் சொல்ல வேண்டும். ‘தி ஃபவுன்டன்’ அப்படித் தீரவில்லை. விமர்சகர்களின் கருத்துகளைத் தொகுத்துப் பார்த்தால் அது ஏறத்தாழ பாதிக்குப் பாதி என்றே நிற்கிறது. ஒரு சாரார் அதைப் பாசாங்கு என்கிறார்கள். இன்னொரு சாரார் தம் வாழ்வில் பார்த்த மிக நெருக்கமான படம் என்கிறார்கள். ‘பரவாயில்லை, ஒருமுறை பார்க்கலாம்’ என்று சொல்பவர்கள் அரிது.

காதலும் சாவும் சினிமாவுக்குப் பழகிய விஷயங்கள். அவற்றைப் பற்றிய ஒரு படம் ஏன் இப்படி நேர் எதிராக இரண்டாகப் பிளக்க வேண்டும்? படம் புரியவில்லை என்பதால் வந்த பிளவு என்பது வழக்கமான விளக்கம். அது போதாது.

கதை என்ன?

மூன்று காலம், ஒரே ஜோடி. நிகழ்காலத்தில் டாமி ஒரு மருத்துவ ஆராய்ச்சியாளன். மனைவி இஸ்ஸிக்கு மூளையில் கட்டி. ஆய்வகத்தில் குரங்குகளின் மூளையைத் திறந்து அவன் மருந்து தேடிக்கொண்டிருக்கிறான். வீட்டில் அவள் ஒரு நாவலைக் கையால் எழுதிக்கொண்டிருக்கிறாள். அதில் ஸ்பானியப் போர்வீரன் தோமாஸ், அரசி இசபெல்லாவின் கட்டளைப்படி மாயா நாட்டுக் காட்டுக்குள் உயிர்மரத்தைத் தேடிப் போகிறான். மூன்றாவது இழையில் மொட்டைத் தலையோடு ஒரு மனிதன், பட்டுப்போய்க்கொண்டிருக்கும் மரம் ஒன்றோடு, குமிழி போன்ற கலத்தில் ஒரு நெபுலாவை நோக்கிப் பயணம் செய்கிறான். மூன்று ஆண்களும் ஹியூ ஜாக்மன். அரசியும் இஸ்ஸியும் ரேச்சல் வைஸ். நாவலின் கடைசி அத்தியாயத்தை எழுதாமல், அதை நீ முடி என்று கணவனிடம் சொல்லிவிட்டு இஸ்ஸி இறந்துபோகிறாள். எல்லாம் 96 நிமிடத்தில்.

விண்வெளிப் பகுதியை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில் ரசிகர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி. டாமி உண்மையிலேயே சாகாமருந்தைக் கண்டுபிடித்து நூற்றாண்டுகள் வாழ்ந்து மனைவியின் கல்லறை மரத்தைச் சுமந்து போகிறான் என்பது ஒரு வாசிப்பு. அவன் எழுதி முடிக்கும் கடைசி அத்தியாயமே அந்தப் பயணம் என்பது இன்னொன்று. முதல் வாசிப்பில் இது அறிவியல் புனைகதை. இரண்டாவதில் துக்கத்தில் இருக்கும் ஒருவன் தன் மேசையில் உட்கார்ந்து எழுதும் கதை. இரண்டுக்கும் படத்தில் சான்று உண்டு. எந்தப் பக்கம் சாய்ந்தாலும் உணர்ச்சியின் கணக்கு மாறுவதில்லை: சாவை ஒத்துக்கொள்ள மறுத்த ஒருவன் கடைசியில் ஒத்துக்கொள்கிறான். கதைச்சுருக்கம் இவ்வளவு எளியது என்பதைக் கவனிக்க வேண்டும். ‘புரியவில்லை’ என்ற புகார் நிற்காமல் போவது இங்கேதான். மூன்று இழைகளையும் பிரித்து அடுக்கப் பத்தாம் வகுப்பு மாணவனுக்கும் அதிக நேரம் பிடிக்காது.

படம் பிறந்த கதை

இந்த வழக்கில் தயாரிப்பு வரலாறும் ஒரு சாட்சி. 1998-ல் ‘பை’, 2000-ல் ‘ரெக்வியம் ஃபார் எ ட்ரீம்’ எடுத்துப் பேர் வாங்கியிருந்த அரனோஃப்ஸ்கிக்கு முப்பது வயதான கட்டம் அது. பெற்றோரைப் புற்றுநோய் தாக்கியிருந்தது. கல்லூரித் தோழரும் நரம்பியலில் முனைவர் பட்டம் பெற்றவருமான ஆரி ஹேண்டலோடு சேர்ந்து கதையை உருவாக்கினார். வார்னர் பிரதர்ஸ் ஆதரவில் பிராட் பிட், கேட் பிளான்செட் நடிக்க, ஏறத்தாழ 7 கோடி டாலர் செலவில் படம் திட்டமிடப்பட்டது. ஆஸ்திரேலியாவில் மாயா பிரமிடு உட்பட பெரும் செட்கள் எழுந்தன. 2002-ல், படப்பிடிப்பு தொடங்கச் சில வாரங்களே இருந்தபோது பிட் விலகி ‘டிராய்’ படத்துக்குப் போய்விட்டார். வேலை நின்றது. போட்ட செட்டும் பொருள்களும் ஏலத்துக்குப் போயின.

பொதுவாக இந்த இடத்தில் ஒரு படம் செத்துவிடும். அரனோஃப்ஸ்கி விடவில்லை. அதே கதையை ஓவியர் கென்ட் வில்லியம்ஸோடு சேர்ந்து படக்கதை நூலாக்கினார். 2005-ல் அது வெளிவந்தது. இன்னொரு பக்கம் திரைக்கதையை வெட்டிச் சுருக்கி, செலவைப் பாதியாக, 3.5 கோடி டாலராகக் குறைத்து, 2004 இறுதியில் மாண்ட்ரியாலில் படப்பிடிப்பைத் தொடங்கினார். படைகள் மோதும் பெரும்போர் போய், ஒற்றை வீரன் ஒரு கூட்டத்தை எதிர்கொள்ளும் காட்சி வந்தது.

பணமில்லாததால் வந்த ஒரு முடிவு படத்தின் முகமாகவே ஆகிவிட்டது. நெபுலாவைக் கணினி வரைகலையில் செய்யாமல், பீட்டர் பார்க்ஸ் என்ற நுண்ணொளிப்பட நிபுணரின் உதவியை நாடினார்கள். கடல் உயிரியலில் தேர்ந்த அவர், சிறு தட்டில் ரசாயனங்களும் நுண்ணுயிர்களும் ஒன்றோடொன்று கலந்து வினைபுரிவதை மிக நெருக்கமாகப் படம்பிடித்தார். திரையில் ஒளியாண்டு அகலத்துக்கு விரியும் பொன்னிறப் புகை, நேரில் விரல் நகத்தளவு இடத்தில் நடந்த கொதிப்பு. அன்றைய கணினிக் காட்சிகள் பலவும் இப்போது பழசாகித் தெரியும்போது, இது பழசாகவில்லை. மேத்யூ லிபாடிக்கின் ஒளிப்பதிவும் ஒரு கணக்கோடு நகர்கிறது: கடந்த காலம் முக்கோண வடிவங்களால், நிகழ்காலம் செவ்வகங்களால், எதிர்காலம் வட்டங்களால் ஆனது, இருட்டில் தொடங்கும் படம் சிறிது சிறிதாக வெளிச்சத்துக்கு ஏறுகிறது.

2006 நவம்பர் 22-ல், நன்றி நவிலல் விடுமுறையை ஒட்டி அமெரிக்காவில் வெளியானது. அரங்குகளில் ‘கேசினோ ராயல்’, ‘ஹேப்பி ஃபீட்’ ஓடிக்கொண்டிருந்தன. விடுமுறைக் கூட்டத்துக்கு நடுவே மூளைக்கட்டி வந்த மனைவியின் கதை எடுபடவில்லை. உலக அளவில் மொத்த வசூல் ஏறத்தாழ 1.6 கோடி டாலர். செலவில் பாதிகூடத் தேறவில்லை.

எதிர்த்தரப்பு

எதிர்ப்பாளர்களின் வாதங்களை ஒன்றாகக் கட்டிவிடக் கூடாது. அவற்றில் வலுவானதும் உண்டு, வலுவற்றதும் உண்டு.

முதலாவது, குழப்பம் என்ற குற்றச்சாட்டு. அது நிற்காது என்று பார்த்தோம். இரண்டாவது, சின்னக் கருத்துக்குப் பெரிய அலங்காரம் என்பது. பிறந்தால் இறப்பு உண்டு, ஏற்றுக்கொள் என்று சொல்வதற்கு ஒரு அரசி, ஒரு பிரமிடு, ஒரு விண்மீனின் வெடிப்பு எல்லாம் எதற்கு என்பது கேள்வி. இது நியாயமான கேள்வி. மூன்று காலத்திலும் ஜாக்மன் உறுமுகிறார், அழுகிறார், கெஞ்சுகிறார். கிளின்ட் மான்செல்லின் இசை, குரோனோஸ் குவார்டெட்டும் மோக்வாய் குழுவும் வாசிக்க, விட்ட இடத்திலிருந்து இன்னும் மேலே ஏறுகிறது. படத்தைத் திட்டுபவர்கள்கூட அந்த இசையைத் தனியே பாராட்டினார்கள்; கோல்டன் குளோப் பரிந்துரையும் அதற்குக் கிடைத்தது. ஆனால் மூச்சு வாங்க ஒரு இடம் இல்லை, சிரிக்க ஒரு வரி இல்லை என்ற குறை உண்மையானது. உடல்நலம் குன்றியிருந்ததால் 2007-ல்தான் விமர்சனம் எழுதிய ரோஜர் ஈபர்ட், படம் கைகூடவில்லை என்று ஒத்துக்கொண்டார். கூடவே, இதற்குள் இதைவிட நீளமான, நிறைவான வடிவம் ஒன்று இருக்க வேண்டும் என்றும் ஊகித்தார். திட்டும்போதும் முழுதாகத் தள்ளிவிட முடியாத தடுமாற்றம் அது.

மூன்றாவது வாதம் இஸ்ஸியைப் பற்றியது. முன்னிரண்டையும்விட இது கூர்மையானது. அழகிய பெண்ணின் மரணமே கவிதைக்கு மிக உகந்த பொருள் என்று எட்கர் ஆலன் போ 1846-ல் எழுதிய கட்டுரையில் வாதிட்டார். மேலைக் கலையில் இந்த ஆசை எவ்வளவு ஆழமாக வேரோடியிருக்கிறது என்பதை எலிசபெத் பிரான்ஃபன் 1992-ல் ஒரு முழு நூலாகவே ஆராய்ந்தார். இஸ்ஸி அந்த வரிசையில் வருபவள். வெள்ளை உடை, குறுகக் கத்தரித்த முடி, மெல்லிய சிரிப்பு. அவளுக்கு வலி வருவதையோ வாந்தி வருவதையோ எரிச்சல் வருவதையோ பெரும்பாலும் நாம் பார்ப்பதில்லை. குளியல் தொட்டியில் உட்கார்ந்திருப்பவளுக்குச் சூடும் குளிரும் தெரியாமல் போய்விட்டதைக் கணவன் கண்டுகொள்ளும் காட்சி ஒன்று உண்டு. படத்தில் நோய் உண்மையாக உறைக்கும் அரிய இடம் அது; அந்தக் காட்சியும் சீக்கிரமே அவனுடைய தவிப்பாக மாறிவிடுகிறது. சாகப்போகிறவள் அவள், கதை அவனுடையது. அவள் அவனுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போக வந்தவள் மாதிரி ஆகிவிடுகிறாள்.

நான்காவது, மாயா மக்கள். மாயா நாட்டின் மீது படையெடுத்த கதையில் மாயா மனிதர்களுக்குப் பெயரில்லை, பேச்சில்லை என்றே சொல்லலாம். கோபுரத்தைக் காக்கும் கூட்டமாக நிற்கிறார்கள். வரலாற்றுக் கணக்கும் இடிக்கிறது. அரசி இசபெல்லா இறந்தது 1504-ல். ஸ்பானியர்கள் யுகட்டான் கரையில் படையோடு இறங்கியது 1517-ல். ‘அது இஸ்ஸி எழுதிய நாவல்தானே, பிழை அவளுடையது’ என்று ரசிகர்கள் பதில் சொல்வார்கள். வருடக் கணக்குக்கு அந்தப் பதில் போதும். தொன்மத்தைக் கையாண்ட விதத்துக்குப் போதாது.

படத்தில் ஷிபால்பா என்பது வானில் மின்னும் நெபுலா. இறந்தவர்கள் மறுபிறப்புக்காகச் செல்லும் இடம். கிச்சே மாயாக்களின் ‘போபோல் வூ’ நூலில் ஷிபால்பா பூமிக்கடியில் இருக்கும் சாவின் ராஜ்ஜியம். அங்கே சாவின் பிரபுக்கள் ஒரு தந்தையைக் கொன்று தலையை மரத்தில் தொங்கவிட, அதுவரை காய்க்காத மரம் காய்க்கிறது. அந்தத் தலையின் எச்சிலால் ஒரு பெண் கருவுறுகிறாள். பிறக்கும் இரட்டையர்கள் சாவைத் தேடிப் போகிறார்கள். சாவிலிருந்து மரம், மரத்திலிருந்து பிறப்பு என்ற இந்தக் கண்ணியைப் படம் தன் போக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது. விட்டுவிட்டது என்னவென்றால், இரட்டையர்களின் குறும்பை. அவர்கள் பந்தாட்டத்திலும் தந்திரத்திலும் சாவின் பிரபுக்களை ஏமாற்றுகிறார்கள். தம்மையே வெட்டிக்கொண்டு மீண்டும் எழுந்து வித்தை காட்டுகிறார்கள். ‘எங்களையும் வெட்டி உயிர்ப்பியுங்கள்’ என்று ஆசைப்பட்டுக் கேட்ட பிரபுக்களை வெட்டிவிட்டு உயிர்ப்பிக்காமல் விட்டுவிடுகிறார்கள். சாவைக் கண்டு சிரிக்கத் தெரிந்த ஒரு தொன்மத்திலிருந்து சிரிக்கவே தெரியாத படம் வந்திருக்கிறது. மாயாக்களைத் திரைச்சீலையாக மட்டும் பார்த்ததன் விலை இது.

ஆதரவுத்தரப்பு

இவ்வளவுக்குப் பிறகும் படத்தை நேசிப்பவர்கள் எதைப் பிடித்துக்கொள்கிறார்கள்? பெரும்பாலும் விண்வெளியை அல்ல. இரண்டு சின்னக் காட்சிகளை.

ஒன்று, முதல் பனி. ஆய்வகத்தில் வேலையாக இருக்கும் டாமியிடம் இஸ்ஸி வந்து நிற்கிறாள். வெளியே பருவத்தின் முதல் பனி விழுகிறது, நடந்துவிட்டு வரலாம் வா என்கிறாள். அவன் வேலை இருக்கிறது என்கிறான். அவள் போய்விடுகிறாள். அவன் தட்டிக்கழிப்பது அவளைக் காப்பாற்றும் வேலைக்காக என்பதுதான் கொடுமை. இந்தக் காட்சி படத்தில் திரும்பத் திரும்ப வருகிறது. கடைசியில் ஒருமுறை அவன் எழுந்து அவள் பின்னால் ஓடுகிறான். அது நடந்ததா, நடந்திருக்க வேண்டும் என்று அவன் மனம் எழுதிக்கொண்டதா என்று படம் சொல்வதில்லை.

இன்னொன்று, மோதிரம். அறுவை சிகிச்சைக்குமுன் கை கழுவுவதற்காக டாமி திருமண மோதிரத்தைக் கழற்றி வைக்கிறான்; திரும்பி வந்து பார்க்கும்போது காணோம். இஸ்ஸி இறந்தபிறகு, நாவலை முடிப்பதற்காக அவள் தந்த பேனாவையும் மையையும் எடுத்து, மோதிரம் இருந்த விரலைச் சுற்றித் தானே குத்திக்கொள்கிறான். பேனா முள் தோலில் இறங்குகிறது. மை ரத்தத்தோடு கலந்து வளையமாகிறது. எழுதச் சொல்லிக் கொடுத்த பேனாவை அவன் எழுதப் பயன்படுத்தவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விண்கலத்தில் இருப்பவனின் கை முழுக்க அதே மாதிரி வளையங்கள், வெட்டிய மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல. எத்தனை காலமாக அவன் அந்த அத்தியாயத்தை எழுதாமல் தள்ளிப்போட்டிருக்கிறான் என்பதற்கு வசனமில்லாமல் ஒரு கணக்கு. பாசாங்கு என்று படத்தை ஒதுக்குபவர்கள் இந்த இடத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை.

எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் சாகும் நிலையில் இருந்த நோயாளிகளோடு பேசி எழுதிய நூலில் ஐந்து கட்டங்களைச் சொன்னார்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. படம் இந்த ஐந்தையும் இரண்டு பேருக்குப் பங்குபோட்டிருக்கிறது. படம் தொடங்கும்போதே இஸ்ஸி ஐந்தாவது கட்டத்துக்கு வந்துவிட்டாள். மற்ற நான்கும் டாமிக்கு. ஒரே வீட்டில், ஒரே படுக்கையில் இருக்கும் இருவர் வெவ்வேறு காலத்தில் வாழ்கிறார்கள் என்பதே இந்தக் கதையின் வலி. நோயாளியைவிட உடனிருப்பவர் பின்தங்கிவிடும் அனுபவம், நெடுநாள் நோய்க்காவல் இருந்தவர்களுக்குத் தெரியும். அவள் சமாதானமாகிவிட்டதே அவனுக்குத் துரோகமாகத் தெரிகிறது.

எர்னஸ்ட் பெக்கர் 1973-ல் எழுதி, அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்ற ‘தி டினையல் ஆஃப் டெத்’ நூலின் வாதம், மனிதன் கட்டியெழுப்பும் வீரச் செயல்கள் எல்லாம் சாவை மறுக்கும் முயற்சிகளே என்பது. போர்வீரன், ஆராய்ச்சியாளன், விண்பயணி என்று படம் தேர்ந்தெடுத்த மூன்று வேடங்களும் அந்த வீரத்தின் மூன்று உடைகள். போர்வீரன் கடைசியில் மரத்தின் பாலைக் குடிக்கிறான், காயம் ஆறுகிறது, அடுத்த கணம் அவன் உடம்பைக் கிழித்துக்கொண்டு செடிகளும் பூக்களும் முளைத்து அவனையே மூடிவிடுகின்றன. சாகாவரம் கேட்டவனுக்கு வரம் கிடைத்துவிட்டது, அவன்தான் இல்லை. விஞ்ஞானிக்கும் மருந்து கிடைக்கிறது. இஸ்ஸியின் உயிர் போகும் வேளையில்தான் குரங்கின் கட்டி சுருங்கிய சேதி வருகிறது. தத்துவமாகச் சொன்னால் சாதாரணமாக ஒலிக்கும் கருத்து, இப்படிக் கதையின் தண்டனையாக வரும்போது சாதாரணமாக இல்லை.

மற்ற படங்களின் சாட்சியம்

சாவும் காதலும் பேசும் எல்லாப் படமும் இப்படிப் பிளப்பதில்லை. 2012-ல் மிஷேல் ஹனேகேயின் ‘அமூர்’ கான் விழாவின் தங்கப் பனையையும், பின்னர் சிறந்த வெளிமொழிப் படத்துக்கான ஆஸ்கரையும் பெற்றது. பாரிஸ் அடுக்குமாடி வீடு ஒன்றில், பக்கவாதத்தில் விழுந்த மனைவியைப் பார்த்துக்கொள்ளும் முதிய கணவன். பின்னணி இசை இல்லை, ஆறுதல் இல்லை, மறுபிறப்பு இல்லை. விமர்சகர்கள் ஏறக்குறைய ஒரே குரலில் தலைவணங்கினார்கள். சாவைப் பற்றி அடக்கமாகப் பேசுவதே நேர்மை என்ற எழுதாத விதி விமர்சன உலகத்தில் இருக்கிறது. ‘அமூர்’ அந்த விதிக்கு அடங்கியது. ‘தி ஃபவுன்டன்’ மீறியது.

மீறியவை வேறும் உண்டு. ஸ்டீவன் சோடர்பர்க் 2002-ல் எடுத்த ‘சோலாரிஸ்’ படத்திலும் மனைவியை இழந்த ஒருவன் விண்வெளியில் அவளைத் திரும்பச் சந்திக்கிறான். முதல் நாள் பார்வையாளர்களிடம் வாசலிலேயே மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் நிறுவனத்தின் கணக்கில் அதற்குக் கிடைத்தது கடைசி மதிப்பான ‘எஃப்’. ஜார்ஜ் குளூனி இருக்கிறார், விண்கலம் இருக்கிறது என்று நம்பி வந்தவர்கள் கொடுத்த மதிப்பெண் அது. படத்தின் தரத்தைவிட விளம்பரத்துக்கும் படத்துக்கும் இருந்த தூரத்தையே அது அளக்கிறது. டெரன்ஸ் மாலிக்கின் ‘தி ட்ரீ ஆஃப் லைஃப்’ 2011-ல் கான் விழாவில் கூச்சலையும் கைதட்டலையும் சேர்ந்தே வாங்கிப் பிறகு தங்கப் பனையும் வென்றது. கனெக்டிகட் மாநிலம் ஸ்டாம்ஃபோர்டில் அந்தப் படத்தை ஓட்டிய திரையரங்கு, ரசிகர்களின் கருத்து இரண்டாகப் பிரிந்திருப்பதைச் சொல்லி, டிக்கெட் பணம் திருப்பித் தரப்பட மாட்டாது என்று வாசலில் அறிவிப்பே ஒட்டியது. ‘தி ஃபவுன்ட’னை விட்டுவிட்டுப் போன பிராட் பிட்தான் அதில் நடித்துத் தயாரிப்பிலும் பங்கெடுத்தார் என்பது தற்செயலாக அமைந்த வேடிக்கை.

அரனோஃப்ஸ்கியின் சொந்தப் பட்டியலே இன்னும் தெளிவான சாட்சி. 2008-ல் ‘தி ரெஸ்லர்’ வெனிஸில் தங்கச் சிங்கம் வென்றது. 2010-ல் ‘பிளாக் ஸ்வான்’ பெரும் வசூல் செய்து நடாலி போர்ட்மனுக்கு ஆஸ்கரும் வாங்கிக் கொடுத்தது. இரண்டிலும் தாம் நேசிக்கும் ஒன்றுக்காக உயிரைக் கொடுக்கத் துணிந்தவர்கள்தான் நாயகர்கள். காதலும் சாவும் அங்கேயும் உண்டு. ஆனால் அவை மல்யுத்த மேடை, பாலே அரங்கு என்று கண்ணுக்குத் தெரிந்த தொழிலில், ஒரு உடம்பின் வலியில் இறங்கியிருந்தன. 2017-ல் அவர் ‘மதர்!’ படத்தில் மறுபடி உருவகத்துக்குப் போனார். வெனிஸில் மறுபடி கூச்சல், சினிமாஸ்கோரில் ‘எஃப்’. இந்த இயக்குநர் ஒருவருடைய கதையைச் சொல்லும்போது உலகம் ஒத்துப்போகிறது. எல்லோருடைய கதையையும் சொல்கிறேன் என்று கிளம்பும்போது பிளக்கிறது.

பிளவின் வேர்

இத்தனையையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்குப் படுவது இது. இரு தரப்பும் படத்தின் வெவ்வேறு பாகத்துக்குத் தீர்ப்பு எழுதியிருக்கிறார்கள். எதிர்த்தவர்கள் படம் வந்து சேரும் முடிவுக்கு மதிப்பெண் போட்டார்கள். அந்த முடிவு தெரிந்ததுதானே என்றார்கள். நேசித்தவர்கள் அந்த முடிவுக்கு வர மறுத்து டாமி அடம்பிடிக்கும் தொண்ணூறு நிமிடத்தில் வாழ்ந்தார்கள். மரணம் இயல்பு என்பது எல்லோருக்கும் தெரியும். தன் வீட்டில் நடக்கும்வரைதான் அது எளிய உண்மை. நடந்தபிறகு, தெரிந்த ஒன்றை நம்ப முடியாமல் தவிப்பதுதான் துக்கம். அந்தத் தவிப்புக்கு அளவு கிடையாது. ஒப்பாரியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. படத்தின் மிகை அங்கிருந்து வருகிறது.

இதில் ஒரு முரண் இருக்கிறது. பிளவு தீராமல் இருப்பதற்கு அதுவே காரணம் என்று கருதுகிறேன். சாவை ஏற்றுக்கொள் என்கிறது கதை. ஆனால் அந்தப் படமே ஒருமுறை செத்து, ஏற்க மறுத்த ஒருவரால் பிடிவாதமாக உயிர்ப்பிக்கப்பட்டது. ஒவ்வொரு ஷாட்டிலும் தெரிவது இஸ்ஸியின் நிதானமல்ல, டாமியின் வெறி. சொல்லும் செய்தியும் சொல்லும் குரலும் ஒன்றையொன்று மறுக்கின்றன. செய்தியைக் கேட்டவர்களுக்கு அந்தக் குரல் போலி. குரலைக் கேட்டவர்களுக்கு அந்தச் செய்தி, அழுது ஓய்ந்தவன் கடைசியில் சொல்லும் வார்த்தை. காலம் போனால் ஒரு பக்கம் ஜெயிக்கும் என்று எதிர்பார்க்க முடியாததும் இதனால்தான். பார்ப்பவர் தம் வாழ்வில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து ஒரே ஆள்கூடப் பத்து வருட இடைவெளியில் கட்சி மாறலாம்.

இதற்காக எல்லாப் பார்வையும் சரி என்று முடித்துவிட முடியாது. ‘புரியவில்லை’, ‘மிகை’ என்ற இரண்டு புகாரையும் எதிர்த்தரப்பு கைவிடலாம். ஒன்று பிழை, மற்றது அந்தப் படம் எடுத்துக்கொண்ட பொருளின் இயல்பு. ஆனால் இஸ்ஸியைப் பற்றியும் மாயாக்களைப் பற்றியும் எழுந்த கேள்விகளுக்கு ரசிகர்கள் இதுவரை உருப்படியான பதில் சொல்லவில்லை. இரண்டும் ஒரே குறையின் இரண்டு முகங்கள்: துக்கப்படும் ஆணின் மனசுக்கு வெளியே யாருக்கும் படத்தில் உயிர் இல்லை. துக்கம் மனிதனை அப்படித்தான் தன்னலமாக ஆக்கும் என்று வாதிடலாம். டாமிக்கு அந்த வாதம் பொருந்தும். டாமியை வெளியிலிருந்து பார்க்கும் பொறுப்பு இருந்த இயக்குநருக்குப் பொருந்தாது. படத்தை நேசிப்பவர்கள் இந்தக் குறையை ஒத்துக்கொண்டும் நேசிக்கலாம். அதற்கு அந்த மோதிரக் காட்சி ஒன்றே போதுமான காரணம். வெறுப்பவர்கள் இனி வெறுக்க நினைத்தால், அதற்கும் இந்தக் குறைதான் நியாயமான காரணம்.